முன்வாய்த் துப்பாக்கி பேரல் சுத்தம் பண்ண எந்தச் சாமான் வாங்கறது?

கொல்லைக்காரன் (ஆலங்காயம்)

எல்லாருக்கும் வணக்கம். ஆலங்காயம் பக்கம் காட்டை ஒட்டி எங்க கொல்லை. நைனா காலத்துல பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கின ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு இருக்கு. வாய்ப்பக்கமா வெடிமருந்து போட்டு கெட்டிக்கிற எஸ்.பி.எம்.எல். ரகம், கேப்பு வெச்சு அடிக்கறது. அவர் போன பிறகு லைசென்ஸ் என் பேருக்கு மாறிடுச்சு. 2019-ல மாவட்டம் பிரிஞ்சதுல ஃபைல் வேலூர்ல இருக்கா திருப்பத்தூர்ல இருக்கான்னு அலைஞ்சது தனிக்கதை, அதை வேற ஒரு நாள் அழறேன்.

2024 எலெக்‌ஷனுக்கு எல்லாரையும் போல ஸ்டேஷன்ல ஒப்படைச்சேன். எலெக்‌ஷன் முடிஞ்சு உடனே போய் வாங்காம மழைக்காலம் வரைக்கும் அங்கேயே இருந்துடுச்சு. வாங்கிட்டு வந்து பார்த்தா வாய்க்குள்ள விரலை விட்டு எடுத்தாலே செகப்பா துரு ஒட்டுது. உள்ளே எவ்ளோ தூரம் போயிருக்குன்னு தெரியல.

நைனா ஒரு மூங்கில் குச்சியில பழைய துணியைச் சுத்தி, மண்ணெண்ணெயில நனைச்சு ரெண்டு இழுப்பு இழுத்து உத்தரத்துல மாட்டிடுவார். எனக்கும் அதுதான் தெரியும். இப்ப ஆன்லைன்ல பார்த்தா கிட்டு கிட்டா வெச்சிருக்கான். பித்தளைக் கம்பி, கார்பன் ஃபைபர் கம்பி, மூணு துண்டா கழட்டி மாட்டற அலுமினியக் கம்பி, வெண்கல பிரஷ், ஸ்டீல் பிரஷ், கயிறு மாதிரி உள்ளே விட்டு இழுக்கறது. இதுல எது நமக்கு ஆகும்?

பேரல் நீளம் 42 அங்குலம். வாயில ஸ்கேல் வெச்சா 18 மில்லிக்குக் கொஞ்சம் மேல காட்டுது. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ரைஃபிள்ல இருக்கிற மாதிரி உள்ளே சுழல் வரி எதுவும் இல்ல, வழவழப்பான குழாய்தான்.

இன்னொரு சந்தேகம். நாங்க ரவையே போடறதில்ல. மல்லாக்கொட்டைக் கொல்லையில பன்னி எறங்கினா மருந்து மட்டும் போட்டு சத்தம் விடறதோட சரி. அதுக்கும் இவ்ளோ கழுவணுமா?

மலையடிவாரம்

தம்பி காசைக் கரியாக்காதீங்க. மூங்கில் போதும். எங்க தாத்தா காலத்துல கிட்டு எங்க இருந்துச்சு? துருவுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு ராத்திரி விட்டுட்டு, உப்புத்தாள் சுத்தி நாலு இழு இழுத்தா பளபளன்னு வந்துடும்.

ரிட்டயர்டு ஆர்மரர் (கம்மவான்பேட்டை)

கொல்லைக்காரத் தம்பிக்கு,

சாமான் பேச்சு அப்புறம். முதல்ல அது காலியா இருக்கான்னு பாருங்க. ஸ்டேஷன்ல இருந்து வந்த துப்பாக்கி காலியாத்தான் இருக்கும்னு மனசுல கணக்குப் போடாதீங்க. கேப்பு மாட்டற முனை இருக்கே, நிப்பிள், அதுமேல கேப்பு இல்லைன்னு பார்த்துட்டு, கேப்பை அடிக்கற குதிரையைப் பாதி தூக்கின நிலையில வெச்சு, முகத்தையும் கையையும் வாய்க்கு நேரா வெக்காம, வெறும் கம்பியை மெதுவா உள்ளே விடுங்க. நின்ன இடத்துல வாய் ஓரமா கம்பியில ஒரு அடையாளம் போடுங்க. கம்பியை வெளியே எடுத்து, அடையாளம் வாய்க்கு நேரா வர்ற மாதிரி பேரலை ஒட்டி வெளிப்பக்கம் படுக்க வைங்க. கம்பியோட நுனி நிப்பிள் இருக்கிற இடம் வரைக்கும் எட்டினா காலி. ரெண்டு மூணு விரற்கடை முன்னாடியே நின்னுடுச்சுன்னா உள்ளே ஏதோ இருக்கு. பழைய மருந்தா இருக்கலாம், குளவிக் கூடா இருக்கலாம். அப்படி இருந்தா சுட்டுத் தீர்க்கலாம்னு நினைக்காதீங்க, அதே கம்பியால குத்தவும் வேண்டாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க, அவர் எடுத்துக் கொடுப்பார். காலின்னு உறுதியானதும் அந்த அடையாளத்தைக் கம்பியில நிரந்தரமாக் கீறி வெச்சுக்குங்க. இனி ஒவ்வொரு தடவையும் ஒரே நொடியில தெரிஞ்சுடும்.

இனி சாமான். பட்டாளத்துல எங்களுக்குப் புல்த்ரூவும் சிந்தியும்தான் எல்லாம். சிந்தின்னா சின்னத் துணித் துண்டு. கயித்தை ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் இழுத்தா வேலை முடிஞ்சுது. உங்க துப்பாக்கிக்கு மறுபக்கமே கிடையாது, அடி மூடி இருக்கு. அதனால நீங்க பார்த்த அந்தக் கயிறு ஐட்டம் உங்களுக்குச் சுத்தமா ஆகாது. மத்த எல்லாத்தையும் இதே கண்ணோடதான் பார்க்கணும்: உள்ளே போறது எதுவா இருந்தாலும் போன வழியிலேயே திரும்பி வரணும். வருமா வராதான்னு சந்தேகமா இருந்தா வாங்காதீங்க.

வெண்கல பிரஷ்ஷை எடுத்துக்குங்க. பின்னாடி திறக்கிற துப்பாக்கியில பிரஷ் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளியே வந்துடும். இதுல அடியில போய் நின்னதும் நீங்க திருப்பி இழுக்கணும். உள்ளே போகும்போது முள்ளெல்லாம் பின்பக்கம் சாய்ஞ்சிருக்கும். இழுத்தா அது நிமிர்ந்து எதிர்ப்பக்கம் மடங்கணும், மடங்க இடம் இருக்காது, அப்படியே கடிச்சுக்கும். பலங்கொண்டு இழுத்தா முறுக்குக் கம்பியில இருந்து தலை கழண்டு உள்ளேயே தங்கிடும். அப்படி மாட்டினா இழுக்காதீங்க. வலப்பக்கமா, அதாவது திருகு இறுகற பக்கமா, சுத்திக்கிட்டே மெதுவா எடுங்க. முள் ஒரே பக்கமா படிஞ்சு விட்டுக் கொடுக்கும். இடப்பக்கம் சுத்தினா பிரஷ் கம்பியில இருந்து கழண்டு அடியில உக்காந்துக்கும். இதனால அன்றாட வேலைக்கு பிரஷ் வேண்டாம். துருவுக்கு மட்டும் ஒண்ணு வெச்சுக்கலாம், வெண்கல முள் உள்ளதா. ஸ்டீல் முள் பக்கமே போகாதீங்க, பேரலைக் கீறிடும்.

தினப்படி வேலைக்கு உங்களுக்கு வேண்டியது ஜாக். பித்தளை உருளை, மேல வளையம் வளையமா காடி வெட்டியிருக்கும். துணியை வாய்மேல விரிச்சு, நடுவுல ஜாக்கை வெச்சு உள்ளே தள்ளணும். துணி அந்தக் காடியில மடிஞ்சு பிடிச்சுக்கிட்டு, போகும்போதும் வரும்போதும் தேய்க்கும். அளவு ரொம்ப முக்கியம். பேரல் அளவை விட அரை மில்லி குறைவா இருக்கணும். அதுக்கும் குறைஞ்சா துணி அடியில கழண்டு விழுந்துடும், கூடினா பாதியில சிக்கிக்கும். உங்களுது 12 போர்னு தோணுது, அதோட அளவு 18.5 மில்லி. ஆனா பழைய பேரலை நம்பக் கூடாது, வெர்னியர் வெச்சு அளங்க.

துணி விழுந்தா எடுக்க ஒரு வார்ம் கட்டாயம் வேணும். ரெண்டு கொக்கி சுருளா முறுக்கி இருக்கும், உள்ளே விட்டு ஒரு சுத்து சுத்தினா துணியைக் கவ்விக்கும். ஜாக் வாங்கற அன்னைக்கே இதையும் வாங்கிடுங்க.

நல்ல கம்பிக்குத்தான் அதிகக் காசு போடணும். ஒரே துண்டா இருக்கணும், பேரலை விட ஒரு முழம் நீளமா இருக்கணும். மூணு துண்டு அலுமினியக் கம்பியில இணைப்பு இணைப்பா நெளியும், மண்ணும் தூளும் அந்த மெத்து உலோகத்துல பதிஞ்சு அதுவே அரமா தேய்க்கும். வழவழப்பான ஸ்டீல் கம்பி நல்லது, பித்தளையும் பரவாயில்ல, அடிக்கடி துடைச்சுக்கணும். மலையடிவாரம் சொன்ன மூங்கில் ஈரம் பட்டுக் காய்ஞ்சா நீளவாக்குல பிளக்கும், சிலாம்பு உள்ளே தங்கும். மரக்கம்பிதான் வேணும்னா நுனியில இருக்கிற பித்தளைப் பூணுக்குக் குறுக்கே ஆணி அடிச்சிருக்கான்னு பாருங்க. வெறும் பசையில ஒட்டினது தண்ணி பட்டா விட்டுடும்.

வாய்க்காப்பு ஒண்ணு. நடுவுல ஓட்டை போட்ட பித்தளைக் கூம்பு, கம்பியில கோத்து வாயில உக்கார வெச்சுட்டா கம்பி ஓரத்துல உரசாது. உங்களுது வரி இல்லாத குழாய்ங்கறதால இது இல்லாட்டியும் குடி முழுகிடாது. வரி உள்ள ரைஃபிள் வெச்சிருக்கிறவங்க இது இல்லாம கம்பியைத் தொடவே கூடாது. வாயோரம் ஒரு பக்கம் தேய்ஞ்சா குறி போச்சு.

அப்புறம் நிப்பிள் சாவி, சரியான அளவுல. கட்டிங் பிளேயர் போட்டுத் திருகி முனை மழுங்கின நிப்பிளைக் கழட்டற வேலையை எத்தனையோ பேர் என்கிட்ட கொண்டு வந்திருக்காங்க. ஒரு மெல்லிய கம்பி, நிப்பிள் ஓட்டை குத்த. துணிக்குப் பழைய வெளுத்த வேட்டி பிரமாதம், மூணு அங்குலச் சதுரமா வெட்டிக்குங்க. பாலியெஸ்டர் கலந்தது ஈரத்தை இழுக்காது. இவ்வளவுதான், மீதிக் கிட்டை கடையிலேயே விடுங்க.

ரவை போடாட்டி கழுவணுமான்னு கேட்டீங்க. அழுக்கு ரவையில இருந்து வரல, மருந்துல இருந்து வருது. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல புகையா வெளியே போகாது, திடமா உள்ளேயே படியும். அதுல பெரும்பகுதி பொட்டாசியம் உப்பு. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், இரும்பைத் தின்னும். உப்பு மண்ணெண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். மண்ணெண்ணெய் போட்டு இழுத்தா மேல கரி மட்டும் வரும், உப்பு எண்ணெய்க்கு அடியில உக்காந்துகினு வேலையைப் பார்க்கும். உங்க பேரலைக் கெடுத்ததுல ஸ்டேஷன் ஈரத்துக்குப் பாதிப் பங்கு, அந்த மண்ணெண்ணெய்க்கு மீதிப் பங்குன்னு நான் நினைக்கறேன்.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். நாலு நாள்ல பளபளப்பு போயிடும், தேய்ஞ்ச இரும்பு திரும்பி வராது.

கோட்டை வெளி (வேலூர்)

ஆர்மரர் ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நம் ஊர்க் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்கள் கையில் இருந்ததும் வாய்வழி மருந்திடும், வரியில்லாத மஸ்கட்தான். சக்கிமுக்கிக் கல் பொறி. அந்தக் காலாட்படை வீரர்கள் மருந்துத் துளை குத்த ஒரு ஊசியும், மருந்துக் கிண்ணம் துடைக்க ஒரு சின்ன பிரஷ்ஷும் மார்ப்பட்டையில் தொங்கவிட்டிருப்பார்கள். பேரலுக்கு வார்மும் துணியும் தண்ணீரும். பிறகு வந்த 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் மூன்று வரி உண்டு, .577 அங்குலக் குழல். அதற்கு நிப்பிள் சாவி, திருப்புளி, ஊசி எல்லாம் ஒன்றாக மடங்கிய கைக்கருவி கொடுத்தார்கள். இருநூறு வருடப் பழக்கத்தில் சாமான் பட்டியல் பெரிதாக மாறவில்லை. ஆன்லைன் கிட்டில் இருக்கும் பாதிப் பொருள் வேறு வகைத் துப்பாக்கிக்கானது.

ஒரு இடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. வரி உள்ள பேரலுக்கு பிரஷ்ஷே வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாது. வரியின் மூலையில் கரி இறுகிவிடும், ஜாக்கும் துணியும் அங்கே எட்டுவதில்லை. ஒரு அளவு சிறிய பிரஷ்ஷில் மெல்லிய துணியைச் சுற்றி, முதலில் நன்றாகத் தண்ணீரில் ஊறவிட்ட பிறகு விட்டால் கடிக்காது.

சில பேரலில் அடியில் மருந்து தங்கும் அறை குழாயை விடக் குறுகலாக இருக்கும். பெரிய ஜாக் அதன் வாசலிலேயே நின்றுவிடும், நாம் அடி வரை போய்விட்டதாக நினைத்துக்கொள்வோம். வெறும் கம்பி போகும் ஆழத்தையும் ஜாக் போட்ட கம்பி போகும் ஆழத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த அறைக்கென்று ஒரு குட்டி பிரஷ் தனியாக வேண்டும். துரு அதிகம் பிடிப்பதும் அங்கேதான்.

பேர்ணாம்பட்டு பாய்

பாய் ஒரு வார்த்தை. துப்பாக்கியைத் தோல் கவர்ல போட்டு வெச்சீங்களா இன்னா? நான் தோல் மண்டியில இருக்கிற ஆளு, நானே சொல்றேன், போடாதீங்க. பதம் போட்ட தோல்ல உப்பும் ரசாயனமும் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். தூக்கிட்டுப் போக ஓகே, வீட்டுல வெக்க பருத்தித் துணி உறைதான்.

இன்னொண்ணு தண்ணி. நம்ம பாலாத்துப் பக்கம் போர்வெல் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், தோல் கழிவு கலந்து 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன விவகாரம். அந்த உப்புத் தண்ணியை ஊத்திக் கழுவினா கழுவாமலே இருக்கலாம். முதல் கழுவலுக்கு எதையாவது ஊத்துங்க, கடைசித் தண்ணி கேன் தண்ணியா, இல்ல மழைத் தண்ணியா இருக்கட்டும்.

கொல்லைக்காரன் (ஆலங்காயம்)

பாய், கரெக்ட்டா புடிச்சீங்க, வாணியம்பாடியில வாங்கின தோல் உறைதான். ஸ்டேஷன்ல அதோடதான் கொடுத்தேன்.

ஐயா, கம்பி விட்டுப் பார்த்தேன், நிப்பிள் வரைக்கும் எட்டுது, காலிதான். எனக்கு ரெண்டு சந்தேகம். பேரல் கட்டையில இருந்து கழலல, தாழ்ப்பாள் ஆணி இறுகிக் கெடக்கு, அடிச்சா கட்டை தெறிச்சுடுமோன்னு பயமா இருக்கு. கழட்டாம எப்படித் தண்ணி விடறது? கொதிக்கற தண்ணியா, பச்சைத் தண்ணியா? தேங்காய் எண்ணெய் போடலாமான்னு அம்மா கேக்கறாங்க.

ரிட்டயர்டு ஆர்மரர் (கம்மவான்பேட்டை)

கழலாததைக் கழட்டாதீங்க. மீன் தொட்டிக்குக் காத்து விடற டியூப் கடையில கிடைக்கும். அதுல ஒரு கஜம் வாங்கி ஒரு முனையை நிப்பிள்மேல இறுக்கமா மாட்டுங்க, மறுமுனையைத் தண்ணி வாளிக்குள்ள போடுங்க. கட்டைக்கும் பொறிக்கும் பழந்துணி சுத்திடுங்க. ஈரத் துணி போட்ட ஜாக்கை மேலே இழுத்தா வாளியில இருக்கிற தண்ணி டியூப் வழியா பேரலுக்குள்ள ஏறும், அமுக்கினா கருப்பா வெளியே தள்ளும். முதல் நாலு இழுப்புல வர்ற தண்ணியைப் பார்த்தா உங்களுக்கே தெரியும், மையாட்டம் இருக்கும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அது கந்தகம். நாத்தம் நிக்கற வரைக்கும் வாளித் தண்ணியை மாத்தி மாத்தி அடிங்க. ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு போதும்.

பட்டாளத்துல பழைய .303 ரைஃபிளுக்குக் கொதிக்கற தண்ணி ஊத்தினோம், சூட்டுல பேரல் தானே காய்ஞ்சுடும்னு. ஆனா கொதிநீர் ஊத்தின இரும்புல கண்ணு முன்னாடியே மெல்லிசா செந்துரு படரும். கை பொறுக்கற சூடு போதும். நம்ம ஊர் வெயில் இருக்கும்போது காய வெக்கறதுக்கு வெந்நீர் எதுக்கு? காய்ஞ்ச துணி மாத்தி மாத்தி விட்டுட்டு, வாய் கீழ்ப்பக்கமா சாய்ச்சு மொட்டை மாடியில கொஞ்ச நேரம் வைங்க, பக்கத்துல ஆள் இருக்கணும், தனியா விட்டுட்டு வரக் கூடாது. பேரல் இளஞ்சூடா இருக்கும்போதே எண்ணெய்.

துருவுக்கு: கழுவிக் காய்ஞ்ச பிறகு துரு இளக்கற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி. மறுநாள் வெண்கல பிரஷ், வலப்பக்கமா சுத்தி. இல்லைன்னா ரொம்ப மெல்லிசான ஸ்டீல் உல் கொஞ்சம் ஜாக்ல சுத்தி. துணியில செகப்பு வர்றது நின்னதும் நிறுத்திடுங்க. அப்புறமும் கருப்பா புள்ளி தெரிஞ்சா அது குழி, தேய்ச்சா போகாது. கம்பி நுனி அடிப்பக்கம் எங்கேயாவது தடுக்கினா, டார்ச் வெளிச்சத்துல அங்க குழி ஆழமாத் தெரிஞ்சா, சத்தத்துக்காகக் கூட அதுல மருந்து போடாதீங்க. லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரர் பார்த்து சரின்னு சொல்லணும். அடி மூடியைத் திருகிப் பார்க்கற ஆசையும் வேண்டாம், அது அவர் வேலை.

அம்மாகிட்ட சொல்லுங்க, தேங்காய் எண்ணெய் மாசக்கணக்குல கெடந்தா சிக்கு வாசனை எடுக்கும், மார்கழியில உறையும். நல்லெண்ணெய் அதை விட மோசம், பிசினாட்டம் ஆகிடும். துப்பாக்கி எண்ணெய், கிடைக்காட்டி தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசா ஒரு துணியில தொட்டு இழுங்க, போதும். வைக்கும்போது வாய் கீழே பார்த்த மாதிரி வைங்க. நிமித்தி வெச்சா எண்ணெய் இறங்கி நிப்பிள் ஓட்டையை அடைக்கும், கட்டை மரத்துலயும் ஊறும். மறுபடி எடுக்கும்போது உலர்ந்த துணியால அந்த எண்ணெயைத் துடைச்சுடணும், இல்லைன்னா கேப்பு வெடிக்கும், மருந்து பிடிக்காது.

அடுத்த எலெக்‌ஷனுக்கு ஒப்படைக்கும்போது இதையெல்லாம் பண்ணி, எண்ணெய்த் துணி சுத்தி, பருத்தி உறையில போட்டுக் கொடுங்க. ரசீதுல துப்பாக்கி எந்த நிலைமையில இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. முடிஞ்ச உடனே போய் வாங்குங்க.

மலையடிவாரம்

மூங்கில் பிளக்கும்ங்கறது ஒத்துக்கறேன். உப்புத்தாள் விஷயத்துல இன்னும் யோசனை இருக்கு, ஆனா ஆர்மரர்கிட்ட வாதாட முடியாது.

லேத் பட்டறை (காட்பாடி)

கொல்லைக்காரன் அண்ணே, ஆன்லைன்ல 12 போர் ஜாக் தேடித் தேடிக் கிடைக்கலைன்னா என்கிட்ட சொல்லுங்க. முக்கால் அங்குல பித்தளை ராடுல கடைஞ்சு தரேன். நாலஞ்சு காடி, முன்னாடி துணி வழுக்காம இருக்க ஒரு குட்டி முனை, பின்னாடி மரை. வாய்க்காப்பும் அதே ராடுல ஆகும். எனக்கு வேண்டியது ரெண்டே அளவு: வெர்னியர்ல வாயோட உள்ளளவை நேராவும் குறுக்காவும் எடுத்து எழுதுங்க, பழைய பேரல் வட்டமாவே இருக்காது. அப்புறம் உங்க கம்பி நுனியில என்ன மரைன்னு தெரியணும். அது தெரியலைன்னா கம்பியை மட்டும் பஸ்ல எடுத்துக்கினு வாங்க. துப்பாக்கியைத் தூக்கிட்டுப் பட்டறைக்கு வந்துடாதீங்க அண்ணே, பக்கத்துலயே டீக்கடை, கூட்டம் கூடிடும்.